6174: இரண்டு வித்தியாசங்களில் அடங்கிய ஓர் எண்
(வாசகர் கேள்வி – பதில்)

6174 என்ற எண்ணைப் பற்றி வந்த கேள்விகளை இந்த முறை ஒன்றாகச் சேர்த்திருக்கிறோம். ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்தால் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டோம்.

கேள்வி: எந்த நான்கு இலக்க எண்ணில் தொடங்கினாலும் 6174 வரும் என்கிறார்கள். அது என்ன கணக்கு?

பதில்: நான்கு இலக்க எண் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். 3333 போல நான்கும் ஒரே இலக்கமாக இருக்கக் கூடாது, அவ்வளவுதான் நிபந்தனை. இலக்கங்களைப் பெரியதிலிருந்து சிறியதாக அடுக்கினால் ஓர் எண், சிறியதிலிருந்து பெரியதாக அடுக்கினால் இன்னோர் எண். பெரியதிலிருந்து சிறியதைக் கழியுங்கள். வந்த விடையை மறுபடி அடுக்கிக் கழியுங்கள். 2024-இல் தொடங்கினால்:

4220 − 0224 = 3996
9963 − 3699 = 6264
6642 − 2466 = 4176
7641 − 1467 = 6174

இதற்குமேல் எத்தனை முறை செய்தாலும் 7641 − 1467 தான். எண் நகராது. எங்கே தொடங்கினாலும் ஏழு கழித்தலுக்குள் இங்கே வந்துவிடும்.

இதைக் கண்டவர் நாசிக் அருகே தேவ்லாலியில் பள்ளி ஆசிரியராக இருந்த தத்தாத்ரேய ராமச்சந்திர கப்ரேக்கர் (1905–1986). 1949-இல் சென்னையில் நடந்த கணித மாநாட்டில் இதை அறிவித்தார். 1955-இல் ஸ்கிரிப்டா மாத்தமாட்டிகா இதழில் கட்டுரையாக வந்தது. ஆகவே 6174-க்குக் கப்ரேக்கர் மாறிலி என்று பெயர்.

கேள்வி: 2167-ஐ வைத்து நான் செய்தபோது ஏழு படி ஆயிற்று. என் தங்கைக்கு நான்கே படியில் முடிந்துவிட்டது. இருவருக்கும் கடைசியில் 6174 தான் வந்தது. யார் செய்தது சரி?

பதில்: தங்கை செய்ததுதான். நீங்கள் அனுப்பிய வரிகளைப் பார்த்தோம். 7621 − 1267 = 6354 சரி. 6543 − 3456 = 3087, அதுவும் சரி. அடுத்த வரியில் 8730 − 3078 = 5652 என்று எழுதியிருக்கிறீர்கள். ‘எண் பூஜ்யத்தில் தொடங்காதே’ என்று தயங்கி 0378-ஐ 3078 ஆக்கிவிட்டீர்கள். இந்தக் கணக்கில் பூஜ்யமும் ஓர் இலக்கம்தான். ஏறுவரிசையில் அதற்கு முதல் இடம். 8730 − 0378 = 8352, அதன் பிறகு 8532 − 2358 = 6174. மொத்தம் நான்கு படி.

தவறு செய்தும் 6174 வந்ததில் வியப்பில்லை. 5652-உம் ஒரு நான்கு இலக்க எண்தானே? அங்கிருந்து புதிதாகத் தொடங்கியதாக வைத்துக்கொள்ளலாம்: 3996, 6264, 4176, 6174. கடைசி விடை சரியாக வந்ததை வைத்து நடுவில் தவறில்லை என்று இந்தக் கணக்கில் சொல்லவே முடியாது. வரிக்கு வரி சரிபார்க்க வேண்டும். அதற்கு எளிய வழி இரண்டு கேள்வி தள்ளி வருகிறது.

கேள்வி: 2111-ஐ எடுத்தேன். 2111 − 1112 = 999. 999-இல் 999 போனால் 0. விதி பொய்த்துவிட்டதே?

பதில்: விடையை 0999 என்று எழுதுங்கள். 9990 − 0999 = 8991, பிறகு 8082, 8532, 6174. தொடக்கத்தில் எத்தனை இலக்கமோ கடைசி வரை அத்தனை இலக்கம் இருக்க வேண்டும்.

விடையின் முன்னால் பூஜ்யம் வருவது இந்த ஓரிடத்தில் மட்டும்தான். மூன்று இலக்கங்கள் ஒன்றாகவும் மீதி ஒன்று அதற்கு முந்தைய அல்லது அடுத்த இலக்கமாகவும் இருந்தால் (2111, 7778, 1000 போல) முதல் விடை 0999. 1000-இலிருந்து 9999 வரை இப்படி 68 எண்கள் உண்டு. பூஜ்யத்தை விட்டுவிடுபவருக்கு இந்த 68-உம், ஒரே இலக்கம் திரும்பும் 9 எண்களும் சேர்ந்து 77 எண்கள் 0-இல் போய் விழும். 0999 என்று எழுதினால் அந்த 9 மட்டுமே விலக்கு.

கேள்வி: ஒவ்வொரு முறையும் அடுக்கிக் கழிப்பது நேரம் எடுக்கிறது. மனக்கணக்காகச் செய்ய வழி உண்டா?

பதில்: உண்டு. 6174-இன் முழு ரகசியமும் அந்த வழியில்தான் இருக்கிறது.

இலக்கங்களை இறங்குவரிசையில் அடுக்கியதும் இரண்டே வித்தியாசங்களைப் பாருங்கள். ஓரத்து இலக்கங்கள் இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை ‘வெளி’ என்போம். நடு இலக்கங்கள் இரண்டுக்கும் உள்ளது ‘உள்’. கழித்தலின் விடை எப்போதும் 999 × வெளி + 90 × உள். இலக்கங்கள் எவை என்பது விடையில் தெரியாது, இந்த இரண்டு வித்தியாசங்கள்தான் தெரியும். 5210-உம் 9654-உம் வேறு வேறு எண்கள். ஆனால் இரண்டிலும் வெளி 5, உள் 1. ஆகவே இரண்டும் 5085 தரும்.

கடன் வாங்கிக் கழித்துப் பார்த்தால் விடையின் இலக்கங்களே நேராகக் கிடைக்கும். உள் 0 இல்லை என்றால்:

ஆயிரம் இடத்தில் வெளி,
நூறு இடத்தில் உள் − 1,
பத்து இடத்தில் 9 − உள்,
ஒன்று இடத்தில் 10 − வெளி.

3087-ஐ அடுக்கினால் 8730. வெளி 8, உள் 4. விடை 8, 3, 5, 2. அதாவது 8352. கழிக்கவே வேண்டாம்.

நடு இலக்கங்கள் சமமாக இருந்து உள் 0 ஆனால் கடன் ஆயிரம் இடம் வரை போகும். அப்போது இலக்கங்கள் வெளி − 1, 9, 9, 10 − வெளி. 8550-க்கு வெளி 8, விடை 7992.

சரிபார்க்கும் வழியும் இதிலேயே இருக்கிறது. சரியான விடை ஒவ்வொன்றிலும் ஓர இலக்கங்களின் கூட்டு 10, நடு இலக்கங்களின் கூட்டு 8. அல்லது நடுவில் இரண்டு 9, ஓர இலக்கங்களின் கூட்டு 9. மூன்றாவது வகை கிடையாது. முன் கேள்வியில் வந்த 5652-ஐப் பாருங்கள்: ஓரங்கள் 5 + 2 = 7. தவறு உடனே தெரிகிறது. இலக்கங்கள் எல்லாவற்றையும் கூட்டி 9-ஆல் வகுபடுகிறதா என்று பார்க்கும் பழைய சோதனை இங்கே உதவாது. 5 + 6 + 5 + 2 = 18 என்று அது அமைதியாகத் தேர்ச்சி போட்டுவிடும். ஒரே இலக்கங்களை எப்படி மாற்றி அடுக்கிக் கழித்தாலும் விடை 9-ஆல் வகுபடத்தான் செய்யும். அடுக்கியதில் உள்ள தவறை அந்தச் சோதனை காணாது.

கேள்வி: எல்லா எண்ணும் 6174-க்கே வருவது ஏன்? பத்தாயிரம் எண்ணையும் போட்டுப் பார்க்காமல் நிறுவ முடியுமா?

பதில்: ஒரு தாளும் அரை மணி நேரமும் போதும்.

0001-இலிருந்து 9998 வரை, ஒரே இலக்கம் திரும்புபவை நீங்கலாக, 9990 எண்கள். வெளி 1 முதல் 9 வரை இருக்கலாம். உள் 0 முதல் வெளி வரை இருக்கலாம். எண்ணிப் பார்த்தால் 2 + 3 + 4 + … + 10 = 54 இணைகள். ஒரே ஒரு கழித்தலில் 9990 எண்கள் 54 விடைகளாகச் சுருங்கிவிட்டன. மீதி வேலை சிறியது.

அடுத்த படியில் அந்த விடைகளை அடுக்கத்தானே போகிறோம்? அடுக்கிய பின் 6174-உம் 4176-உம் ஒன்றுதான், இரண்டும் 7641. இப்படி இரட்டைகள் கழிந்தால் 54-இல் 30 இலக்கக் கூட்டங்களே மிஞ்சும்: உள் 0 இல்லாதவை 25, உள் 0 ஆனவை 5. இந்த முப்பதும் எங்கே போகின்றன என்று பார்த்தால் நிறுவல் முடிந்தது.

7641-இலிருந்து பின்னோக்கிப் போவோம். அதற்குள் நேராக வருபவை மூன்று கூட்டங்கள்: 8532, 7533, 6642.

7533-க்கு வேறு எதுவும் வருவதில்லை. அது முட்டுச் சந்து.

6642-க்கு வருவது 9963 மட்டும். 9963-க்கு வருபவை 7443, 6552. 6552-க்கு 7632, 7443-க்கு 8721, 8721-க்கு 9531, 8640.

8532-க்குத்தான் கூட்டம் அதிகம்: 9711, 9621, 8820, 8730. இவற்றில் 9711-க்கு எதுவும் வராது. 9621-க்கு 9810, அதற்கு 5544. 8730-க்கு 6543, அதற்கு 8622, 7731, 7731-க்கு 9972, அதற்கு 9441, 8550. 8820-க்கு 9981, அதற்கு 9990, 6444, 5553, 5553-க்கு 9954, அதற்கு 8442, 7551.

எண்ணிப் பாருங்கள், முப்பதும் வந்துவிட்டன. தனியாகச் சுற்றும் வளையம் எதுவும் இல்லை. எல்லாம் ஒரே மரத்தின் கிளைகள், வேர் 7641. ஒவ்வொரு இணைப்பையும் மேலே சொன்ன வெளி–உள் வழியில் நீங்களே சரிபார்க்கலாம். உதாரணமாக 9531: வெளி 8, உள் 2, விடை 8172, அடுக்கினால் 8721.

இந்த மரத்தை வரைபவர்கள் தடுமாறும் இடம் ஒன்று உண்டு. 8532-இலிருந்து நேராக 6174 வரும். ஆனால் 6642-உம் 7533-உம் முதலில் 4176 தரும். இலக்கங்கள் அதே, எண் வேறு. இன்னொரு கழித்தல் செய்தால்தான் 6174. இதை மறந்தால் படிகளின் எண்ணிக்கை ஒன்று குறையும்.

மிக நீளமான கிளைகளைப் பாருங்கள். 8442-இலிருந்து 9954, 5553, 9981, 8820, 8532 வழியாக 6174 வர ஆறு கழித்தல். 9531-இலிருந்து 8721, 7443, 9963, 6642 வழியாக வந்தால் ஐந்தாவது கழித்தலில் 4176, ஆறாவதில் 6174. நாம் தொடங்கிய எண்ணிலிருந்து இந்தக் கூட்டத்துக்கு வர ஒரு கழித்தல். அதனால்தான் உச்சம் ஏழு.

கேள்வி: ஏழு படி எடுக்கும் எண்ணுக்கு ஓர் உதாரணம் வேண்டும். அப்படிப்பட்டவை அரிதா?

பதில்: 2015. வரிசையாக 5085, 7992, 7173, 6354, 3087, 8352, 6174.

அரிது இல்லை. முன்னால் பூஜ்யம் வரும் எண்களையும் சேர்த்த 9990-இல் 2184 எண்கள் ஏழு படி எடுக்கின்றன. முழுக் கணக்கு இது: ஒரு படி 383, இரண்டு படி 576, மூன்று 2400, நான்கு 1272, ஐந்து 1518, ஆறு 1656, ஏழு 2184. மிச்சம் ஒன்று 6174 தானே. அதற்குப் படியே வேண்டாம். சராசரி சுமார் 4.67. அரிதானவை ஏழு படி எண்கள் அல்ல, ஒரே படியில் முடிபவைதான்: வெளி 6, உள் 2 இருந்தால் மட்டுமே அது நடக்கும்.

கேள்வி: மூன்று இலக்கம், ஐந்து இலக்கத்துக்கு இப்படி எண் உண்டா?

பதில்: மூன்று இலக்கத்துக்கு 495. நடு இலக்கம் இரண்டு வரிசையிலும் நடுவிலேயே நிற்பதால் கழித்தலில் காணாமல் போகும். விடை 99 × வெளி மட்டும். ஒன்பதே விடைகள். 100-இலிருந்து தொடங்கினால் 099, 891, 792, 693, 594, 495 என்று ஆறு படி. அதற்குமேல் எந்த மூன்று இலக்க எண்ணும் போகாது.

இரண்டு இலக்கத்தில் எதுவும் நிற்பதில்லை. 09, 81, 63, 27, 45, மறுபடி 09 என்று சுற்றிக்கொண்டே இருக்கும்.

ஐந்து இலக்கத்திலும் மாறிலி கிடையாது. ‘ஐந்து இலக்கத்தில் எத்தனை முறை செய்தும் நிற்கவில்லை, எங்கே தவறு?’ என்று கேட்டவர்களுக்கும் இதுவே பதில்: தவறு உங்களிடம் இல்லை. மூன்று வளையங்கள் இருக்கின்றன. தொடங்கும் எண்ணைப் பொறுத்து ஏதாவது ஒன்றில் மாட்டிக்கொள்ளும்.

71973 → 83952 → 74943 → 62964 → 71973
82962 → 75933 → 63954 → 61974 → 82962
59994 → 53955 → 59994

ஆறு இலக்கத்தில் நிற்கும் எண்கள் இரண்டு: 549945, 631764. அவற்றோடு 420876-இல் தொடங்கி ஏழு எண்கள் கொண்ட ஒரு வளையமும் உண்டு: 851742, 750843, 840852, 860832, 862632, 642654, திரும்ப 420876.

எண்களின் எண்ணிக்கைக்கு முடிவு உண்டு என்பதால், எந்த அளவு இலக்கத்திலும் எப்போதாவது பழைய எண் திரும்ப வந்தே தீரும். வளையமோ நிற்கும் எண்ணோ கட்டாயம். எல்லாமே ஒரே இடத்தில் வந்து முடிவதுதான் நான்கு இலக்கத்தின் அதிர்ஷ்டம். அதுவும் நாம் பத்தடிமானத்தில் (0 முதல் 9 வரை பத்து இலக்கங்களை வைத்து) எழுதுவதால் வந்தது. வேறு அடிமானத்தில் எழுதினால் 6174-க்கு இந்தப் பெருமை இல்லை.

கேள்வி: இதற்கு நிரல் எழுதினேன். 1000 கொடுத்தால் 0 வருகிறது, 4444 கொடுத்தால் நிரல் நிற்கவே மாட்டேன் என்கிறது.

பதில்: முதல் பிழை இலக்கங்களைப் பிரிக்கும் இடத்தில். ‘எண் 0 ஆகும்வரை 10-ஆல் வகுத்து மீதியை எடு’ என்று எழுதியிருப்பீர்கள். 999 வந்ததும் மூன்றே மீதிகள் கிடைக்கும். ‘நான்கு முறை வகு’ என்று எண்ணிக்கையை நிலையாக வையுங்கள். நான்காவது மீதி 0 என்று தானாகவே வரும். எழுத்துச் சரமாக மாற்றிப் பிரிப்பவர்கள், பிரிக்கும் முன் இடப்பக்கம் பூஜ்யம் சேர்த்து நான்கு எழுத்தாக்க வேண்டும். கணினியில் கணக்குத் தாளில் (ஸ்ப்ரெட்ஷீட்) செய்பவர்களுக்கும் இதுதான்: கலத்தின் வடிவமைப்பை மாற்றினால் திரையில் 0999 என்று தெரியும், உள்ளே இருப்பது 999 தான்.

இரண்டாவது பிழைக்குக் காரணம், சுற்றை ‘6174 வரும்வரை’ என்று மட்டும் நிறுத்தியது. 4444 உடனே 0 ஆகி 0-விலேயே நின்றுவிடும், 6174 வரவே வராது. ‘முந்தைய விடையும் இப்போதைய விடையும் ஒன்றானால் நிறுத்து’ என்று மாற்றினால் இரண்டுக்கும் பொருந்தும். ஆனால் அதே நிரலை ஐந்து இலக்கத்துக்கு நீட்டினால் இதுவும் போதாது, வளையத்தில் சுற்றும். அங்கே இதுவரை வந்த விடைகளை எல்லாம் பட்டியலில் வைத்துத் தேட வேண்டும்.

சோதிக்க: 1000-க்கு 5 படி, 2015-க்கு 7 படி வர வேண்டும். பிறகு எல்லா எண்ணையும் ஓட்டி, மேலே கொடுத்த 383, 576, 2400 வரிசையோடு ஒப்பிடுங்கள். ஒன்று மாறினாலும் எங்கோ பூஜ்யம் விழுந்திருக்கிறது.

கேள்வி: 6174-ஐக் கப்ரேக்கர் எண் என்றும் சொல்லலாமா?

பதில்: கூடாது, அது வேறு. வர்க்கத்தை இரண்டாக வெட்டிக் கூட்டினால் பழைய எண்ணே வருவதுதான் கப்ரேக்கர் எண். 45-இன் வர்க்கம் 2025; 20 + 25 = 45. 297-இன் வர்க்கம் 88209; 88 + 209 = 297. 6174-இன் வர்க்கம் 38118276; 3811 + 8276 = 12087. பொருந்தவில்லை.

ஆனால் கப்ரேக்கர் பெயரிட்ட இன்னொரு குடும்பத்தில் 6174-க்கு இடம் உண்டு. தன் இலக்கங்களின் கூட்டுத்தொகையால் மீதியின்றி வகுபடும் எண்களுக்கு அவர் ‘ஹர்ஷத்’ எண் என்று பெயர் வைத்தார். 6 + 1 + 7 + 4 = 18; 6174 ÷ 18 = 343.

கேள்வி: 343 என்பது 7-இன் கனம். ஏழு படியில் முடிவதற்கும் இதற்கும் தொடர்பு உண்டா?

பதில்: இல்லை. ஏழு படி என்பது மேலே பார்த்த மரத்தின் உயரம்; 7-ஆல் வகுபடுவதை அந்தக் கழித்தல் எங்குமே கேட்பதில்லை. மூன்று இலக்கத்தில் ஆறு படி வருகிறது, 495 = 3 × 3 × 5 × 11. அங்கே ஆறுக்கு இப்படி ஒரு கதை சொல்ல முடியாது.

ஆனாலும் அந்த 343-ஐ விட மனம் வரவில்லை. பகா எண்களாகப் பிரித்தால் 6174 = 2 × 3² × 7³, வகுத்திகள் 24. அந்தப் பகா எண்களை ஒவ்வொன்றாக வர்க்கமாக்கிக் கூட்டினால் 4 + 9 + 9 + 49 + 49 + 49 = 169, அதுவும் 13-இன் வர்க்கம்; இதைத் தற்செயல் என்று விட்டுவிடலாம். அடுத்தது கனமானது. 18 + 18² + 18³ = 18 + 324 + 5832 = 6174. 18-ஐப் பொதுவாக வெளியே எடுத்தால் உள்ளே 1 + 18 + 324 = 343 = 7³. அதாவது ஓர் எண், அதன் வர்க்கம், 1 மூன்றையும் கூட்டினால் ஒரு முழுக் கனம் வருகிறது. இது அடிக்கடி நடப்பதில்லை. நேர் முழு எண்களில் இப்படி அமைவது 18 ஒன்றுதான். இதை நிறுவியவர் நார்வேக் கணிதர் யுங்கிரென். இலக்கங்களை அடுக்கிக் கழிப்பதற்கும் இதற்கும் சம்பந்தம் கிடையாது. இந்தப் பண்பு பத்தடிமானத்தையும் சார்ந்ததல்ல; எந்த அடிமானத்தில் எழுதினாலும் அப்படியே இருக்கும்.